உமிச் சாம்பல், ஃப்ளை ஆஷ் கலந்து கல்லு போடறவங்களுக்கு: தண்ணி இல்லாத ஊர்ல க்யூரிங் பண்ற வழி

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் ஹாலோ பிளாக் யார்டு வச்சிருக்கறவங்களும் சரி, சொந்தமா வீடு கட்டறவங்களும் சரி, இப்பெல்லாம் கேக்கற கேள்வி ஒண்ணுதான். அரிசி மில்லுல சாம்பல வந்து அள்ளிட்டுப் போனா போதும்ங்கறாங்க, மேட்டூர் தெர்மல் பிளான்ட்ல இருந்து ஃப்ளை ஆஷ்ங்கற நிலக்கரிச் சாம்பல் லோடு வருது, இத சிமெண்ட்டோட கலந்தா காசு மிச்சமாகுமா, கல்லு நிக்குமா?

நிக்கும். ஆனா சாம்பல் கலக்கறது பத்து நிமிஷ வேலை, கலந்த கல்ல காயவிடாம ஈரமா வச்சிருக்கறது, அதான் க்யூரிங், ரெண்டு வார வேலை, இந்த ரெண்டாவது விஷயத்த லோடு கொண்டு வர்றவரு சொல்ல மாட்டாரு. நம்ம ஊரு பாலக்காட்டுக் கணவாயோட வாயில உக்காந்திருக்கு, மழை மேக்க பெஞ்ச அளவுக்கு இங்க பெய்யறதில்ல, மார்கழி தையில அடிக்கற கிழக்குக் காத்து உதட்டையே வெடிக்க வச்சிரும், அப்ப கல்ல சும்மா விடுமா. அதனால எல்லாரும் சொல்ற வரிசைய நான் தலைகீழா சொல்றேன். முதல்ல உங்ககிட்ட எவ்வளவு தண்ணி இருக்கு, எத்தன நாள் ஈரமா வைக்க முடியும்னு பாருங்க, அதுக்கப்புறம் எவ்வளவு சாம்பல்னு முடிவு பண்ணுங்க. ஈரத்துக்கு வழி இல்லைன்னா சாம்பல தொடவே தொடாதீங்க.

ஏன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கறது நல்லது, ஏன்னா மேஸ்திரிங்க பாதிப் பேரு இன்னும் "காஞ்சாத்தான் கல்லு இறுகும்"னுதான் சொல்லிட்டிருக்காங்க. சிமெண்ட் காயறதால இறுகறதில்ல, தண்ணியோட சேர்ந்து ரியாக்ட் ஆகறதாலதான் இறுகுது. அப்படி ஆகறப்ப ரெண்டு பொருள் உருவாகுது, ஒண்ணு கல்லப் பிடிச்சு நிறுத்தற பசை, இன்னொண்ணு கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம்ம சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்பால கல்லுக்குப் பெரிய பலம் கிடையாது, பின்னாடி வெள்ளையா உப்புப் பூத்து செவுத்த அசிங்கப்படுத்தறதுதான் அதோட வேலை. சாம்பல்ல இருக்கற சிலிக்கா இந்தச் சுண்ணாம்பத்தான் பிடிச்சு மறுபடியும் பசையா மாத்துது. ஆனா முதல்ல சிமெண்ட் ரியாக்ட் ஆகி சுண்ணாம்பு வெளிய வரணும், அப்புறம்தான் சாம்பலுக்கு வேலையே ஆரம்பிக்கும். லேட்டா ஆரம்பிக்கற வேலை, அது முடியற வரைக்கும் உள்ள ஈரம் இருக்கணும், கல்லுக்குள்ள ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழ எறங்கிட்டா ரியாக்‌ஷன் அங்கயே கிட்டத்தட்ட நின்னுரும். சாம்பல் கல்லு மூணாவது நாள் காஞ்சு போச்சுன்னா அதுல போட்ட சாம்பல் வெறும் தூசிதான்.

பச்சை சிமெண்ட், கிரீன் சிமெண்ட்னு, புகை கம்மியா விடற சிமெண்ட்டப் பத்திப் பேசறாங்களே, அதோட கணக்கும் இதுலதான் இருக்கு. மதுக்கரை, வாளையார் மாதிரி ஃபேக்டரிகள்ல சுண்ணாம்புக்கல்ல 1450 டிகிரி வரைக்கும் வேக வச்சாத்தான் கிளிங்கர், அதாவது அரைச்சு சிமெண்ட்டாக்கற கட்டி, கிடைக்கும், எரிக்கற நிலக்கரியில இருந்து வர்ற புகை ஒரு பக்கம், அதவிட அதிகமா அந்தக் கல்லுக்குள்ள இருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது. உலகத்துல மொத்தமா வர்ற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 7, 8 சதவீதம் சிமெண்ட்டால வர்றதுதான். சாம்பல் கலக்காத சாதா சிமெண்ட், அதாவது ஓபிசி, 50 கிலோ பை ஒண்ணுக்கு சுமார் 40 கிலோ வரும்னு வச்சுக்குங்க. அதுல அஞ்சுல ஒரு பங்க சாம்பலா மாத்தினா பைக்கு எட்டு கிலோ குறையும். கல்லு சரியா இறுகாம ரெண்டே வருஷத்துல பேந்து மறுபடி கட்டினா இந்தக் கணக்கு எல்லாம் போச்சு.

சரி, சாம்பலுக்கு வருவோம். எல்லாச் சாம்பலும் ஒண்ணு இல்ல.

ஃப்ளை ஆஷ் தெர்மல் பிளான்ட் புகைபோக்கியில பிடிக்கற மாவு மாதிரி சாம்பல். நமக்கு மேட்டூர்தான் பக்கம், 1440 மெகாவாட் பிளான்ட். மைக்ராஸ்கோப்ல பாத்தா குட்டிக் குட்டி உருண்டையா இருக்கும், அதனால கலவை வழுக்கிட்டு ஓடும், தண்ணியும் கொஞ்சம் கம்மியாவே கேக்கும். வாங்கறப்ப ஐஎஸ் (இந்தியத் தர விதி) 3812 பாகம் 1 சர்டிபிகேட் இருக்கான்னு கேளுங்க, அதுல எரிஞ்சு போற பொருள் 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 45 மைக்ரான் சல்லடையில தங்கறது 34 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. குளத்துல கொட்டி வச்ச ஈரச் சாம்பல், அடியில விழற பாட்டம் ஆஷ், இதையெல்லாம் ஃப்ளை ஆஷ்னு சொல்லி ஏத்தி விடுவாங்க. அது மணலுக்குப் பதிலா கொஞ்சம் போடலாம், சிமெண்ட்டுக்குப் பதிலா போடக் கூடாது.

உமிச் சாம்பல் நம்ம ஊரு சரக்கு. நெல்லுல அஞ்சுல ஒரு பங்கு உமி, உமிய எரிச்சா அதுல அஞ்சுல ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பல்ல 85ல இருந்து 95 சதவீதம் வரைக்கும் சிலிக்கா. ஃப்ளை ஆஷ்ல கூட இவ்வளவு சிலிக்கா கிடையாது. இத சிமெண்ட்டுக்குக் கொண்டு வந்ததுல முக்கியமான ஆளு பெர்க்லி யுனிவர்சிட்டில இருந்த பி.கே. மேத்தா, 1970கள்லயே பண்ணிட்டாரு. இங்க ஆலத்தூர், பாலக்காடு, அந்தப் பக்கம் காங்கயம், எல்லா அரிசி மில்லுலயும் பாய்லருக்கு உமிதான், மலை மாதிரி சாம்பல் கெடக்கு. ஆனா பாய்லர் எப்படி எரியுதுங்கறதப் பொறுத்துத்தான் சாம்பலோட தரம். 700 டிகிரிக்குள்ள, நல்லாக் காத்து விட்டு நிதானமா எரிச்சா சிலிக்கா ஒழுங்கு இல்லாம கலைஞ்சு கெடக்கும், அதுதான் சுண்ணாம்போட சேரும். அதுக்கு மேல ரொம்ப நேரம் வெந்தா பளிங்கு மாதிரி கட்டிப் போயிரும், அப்புறம் அது எதோடவும் சேராது. காத்து பத்தாம எரிஞ்சா கன்னங்கரேல்னு வரும், அது கரி, தண்ணிய உறிஞ்சறதத் தவிர ஒரு பிரயோஜனமும் இல்ல. சாம்பல் நெறம், லேசா வெள்ளை கலந்த நெறம்னா பாக்கலாம். கருப்பா இருந்தா விட்டுருங்க. ரோஸ் கலந்த வெள்ளையா இருந்தா ரொம்பச் சூட்டுல வெந்துருச்சுன்னு சந்தேகப்படுங்க.

சர்க்கரை ஆலை பகாஸ், அதாவது கரும்புச் சக்கைச் சாம்பலும் ஆகும், ஆனா அதுல எரியாத நார் நெறைய இருக்கும், சலிச்சு அரைக்காம ஆகாது. தேங்காத்தொட்டிக் கரிச் சூளைச் சாம்பல், விறகடுப்புச் சாம்பல், ஹோட்டல் அடுப்புச் சாம்பல், இதெல்லாம் வேண்டாம், பொட்டாசியம் மாதிரி காரப் பொருள் (அல்கலி) அதிகம், கல்லு பூத்துக்கிட்டே இருக்கும், சில ஜல்லியோட சேர்ந்து வெடிக்கவும் செய்யும். குப்பை எரிச்ச சாம்பலக் கிட்டயே சேக்காதீங்க, பிளாஸ்டிக்குல இருந்து வர்ற குளோரைடு கம்பியத் தின்னுரும், ஈயம் அது இதுன்னு வேற இருக்கும்.

லேபுக்குக் குடுக்க முன்னாடி களத்துலயே பாக்கறதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, இத ஒவ்வொரு புது லோடுக்கும் பண்ணுங்க. சாம்பல் ரெண்டு பங்கு, நீத்துன சுண்ணாம்பு ஒரு பங்கு, கையுறை போட்டுக்கிட்டு கொஞ்சமா தண்ணி விட்டுப் பெசஞ்சு எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டை பிடிங்க. ஒவ்வொண்ணையும் ஈரத் துணி சுத்தி பிளாஸ்டிக் கவர்ல கட்டி, வெயில் படற ஓட்டுக்கு அடியில, சூடா இருக்கற இடத்துல வச்சிருங்க. பத்து நாள் கழிச்சு எடுத்துப் பாருங்க. நகத்தால கீறினா மாவு வருதா, தண்ணிக்குள்ள ஒரு ராத்திரி போட்டா கரைஞ்சு சேறாகுதா, இல்ல கல்லு மாதிரி கெடக்குதா. கெடக்கற சாம்பல் வேல செய்யற சாம்பல், கரையறது வெறும் தூசி. கூடவே ஒரு கிளாஸ் தண்ணியில ஒரு ஸ்பூன் சாம்பலப் போட்டுக் கலக்கி வைங்க, மேல கருப்பா ஏடு கட்டினா கரி ஜாஸ்தி. இது ஒண்ணும் ஐஎஸ் டெஸ்ட் இல்ல, ஆனா மோசமான லோட வாசல்லயே திருப்பி அனுப்ப இது போதும்.

உமிச் சாம்பல மில்லுல இருந்து வந்தபடியே போட்டா பாதி பலன்கூட கிடைக்காது, அரைக்கணும். சிமெண்ட் அளவுக்கு, முடிஞ்சா அதவிட நைசா. பால் மில் (இரும்பு உருண்டை உருட்டி அரைக்கற மெஷின்) இருக்கறவங்க குடுத்து வச்சவங்க, இல்லாதவங்க பல்வரைசர்ல அரைச்சுத் துணியில சலிச்சு எடுக்கறாங்க, ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சா நறநறன்னு இல்லாம பவுடர் மாதிரி வழுக்கணும். அரைக்கறப்ப மாஸ்க் கட்டாயம், துண்டக் கட்டிக்கிட்டா ஆகாது, சிலிக்கா தூசி நுரையீரல்ல போய் உக்காந்தா அப்புறம் எடுக்க வழியே இல்ல. இத வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், மொதலாளிக்கு மட்டும் மாஸ்க் வாங்கறத நெறைய யார்டுல பாக்கறோம்.

கலக்கறதுல பெரிய ஏமாத்தம் எங்கன்னா, கடையில வாங்கற பையிலயே ஏற்கெனவே சாம்பல் இருக்கு. பிபிசின்னு வர்ற சிமெண்ட்டுல ஐஎஸ் 1489 படி 15ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் ஃப்ளை ஆஷ் ஃபேக்டரியிலயே அரைச்சுக் கலந்துதான் வருது, பை மேலயே ஃப்ளை ஆஷ் பேஸ்டுன்னு அச்சடிச்சிருக்கும். அதுல நீங்க இன்னொரு கால் பங்கு சாம்பலக் கொட்டினா சுண்ணாம்பு எங்க இருந்து வரும்? சாம்பல் சும்மா கெடக்கும், கல்லு உதிரும். சாம்பல் நீங்களே கலக்கறதா இருந்தா ஓபிசி 43 கிரேடோ 53 கிரேடோ வாங்குங்க. ஓபிசி வாங்கி சாம்பல் கலக்கற அளவுக்கு நேரமும் தராசும் இல்லைன்னா பிபிசியே வாங்கி நல்லா க்யூரிங் பண்ணுங்க, அதுவும் கிரீன் சிமெண்ட்தான், வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

அளவு: பிளாக்குக்கு ஓபிசியில 20ல இருந்து 25 சதவீதம் ஃப்ளை ஆஷ், எடையிலதான், சட்டிக் கணக்குல இல்ல. 50 கிலோ பைன்னா 40 கிலோ சிமெண்ட், 10 கிலோ சாம்பல். சாம்பல் சிமெண்ட்டவிட லேசு, ஒரு சட்டி சிமெண்ட்டுக்குப் பதிலா ஒரு சட்டி சாம்பல்னு போட்டா எடை குறையும், உமிச் சாம்பல் இன்னும் பஞ்சு மாதிரி. ஒருதடவ தராசுல போட்டு 10 கிலோ எவ்வளவு வருதுன்னு பாத்து பக்கெட்டுல பெயிண்ட்டால கோடு போட்டுருங்க, அப்புறம் யாரு அள்ளினாலும் சரியா வரும். உமிச் சாம்பல்னா 10 சதவீதத்தோட நிறுத்திக்குங்க, துளைத் துளையா இருக்கறதால தண்ணி குடிக்கும். எனக்குப் பிடிச்சது ரெண்டையும் சேக்கறதுதான், ஃப்ளை ஆஷ் 20, அரைச்ச உமிச் சாம்பல் 5, ஏன்னா ஃப்ளை ஆஷ் மெதுவா வேல செய்யும், உமிச் சாம்பல் சீக்கிரம் ஆரம்பிச்சுரும், ஒண்ணுக்கொண்ணு ஈடு கட்டும். சாம்பலையும் சிமெண்ட்டையும் தண்ணி விடறதுக்கு முன்னாடியே காய்ஞ்சபடி நல்லாப் பெரட்டிக்குங்க, நெறம் ஒரே மாதிரி ஆகற வரைக்கும். பிளாக் கலவைய உள்ளங்கையில வச்சு அழுத்தினா உருண்டையா நிக்கணும், விரல் இடுக்குல தண்ணி வழியக் கூடாது.

ரூஃப் காங்கிரீட், தூண், பீம் இதுல எல்லாம் களத்துச் சாம்பல் கலக்காதீங்க. கம்பி இருக்கற இடத்துல விளையாட்டு வேண்டாம், பிபிசி போடுங்க, இல்ல காங்கிரீட் பிளான்ட்ல இருந்து அளவு கணக்குப் போட்டுக் கலந்த டிசைன் மிக்ஸ் வாங்குங்க. இந்தப் பக்கம் கேரள அரசோட லைஃப் மிஷன் வீடு, அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கனவு இல்லம்னு சின்ன பட்ஜெட்ல கட்டறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், செவுத்துக்கு சாம்பல் கல்லு போட்டு மிச்சம் பிடிங்க, தலைக்கு மேல இருக்கறதுல பிடிக்காதீங்க.

இப்ப க்யூரிங்.

காங்கிரீட்டுக்கான ஐஎஸ் விதி என்ன சொல்லுதுன்னு முதல்ல பாத்துக்கலாம். ஐஎஸ் 456 படி சாதா ஓபிசி காங்கிரீட்டுக்குக் குறைஞ்சது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட்டுக்குக் குறைஞ்சது 10 நாள், அத 14 நாளுக்கு நீட்டறது நல்லதுன்னும் சொல்லுது. காய்ஞ்ச சூடான ஊர்ல எதுவா இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. நம்ம ஊரு ரெண்டு கணக்குலயும் வருது, அதனால 14 நாள்னே வச்சுக்குங்க, நடுவுல ஒரு நாள்கூட விடாம. காலையில ஒருதடவ ஓஸ் பிடிச்சு நனைச்சுட்டு மத்தியானம் வெள்ளையாக் காஞ்சு கெடந்து மறுபடி சாயங்காலம் நனைக்கறது க்யூரிங் இல்ல, அது கல்லுக்கு நீங்க குடுக்கற தண்டனை. நனையறதும் காயறதுமா இருந்தா மேல்தோல்ல மயிரு மாதிரி வெடிப்பு ஓடும்.

பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலம், ரெண்டு மலைக்கும் நடுவுல காத்துக்கு வேற வழி கெடையாது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோ தண்ணி ஆவியாச்சுன்னா புதுக் காங்கிரீட்டுல வெடிப்பு வரும்ங்கறது பொதுவா எல்லாரும் எடுத்துக்கற அளவு, வெயிலும் காத்தும் சேர்ந்தா நம்ம ஊர்ல அத சுலபமாத் தாண்டிரும். சாம்பல் கலந்த கலவையில தண்ணி மேல ஊறி வர்றதும் கம்மி, அதனால இன்னும் சீக்கிரம் தோல் காஞ்சுரும். இதுக்கு க்யூரிங் மறுநாள் காலையில ஆரம்பிச்சா பத்தாது, போட்ட ஒரு மணி நேரத்துல ஆரம்பிக்கணும். கிழக்கயும் மேக்கயும் பச்சை நிழல்வலை கட்டி காத்த உடைங்க, ஸ்லாப்ன்னா சாயங்காலம் நாலு மணிக்கு மேல போடுங்க, போடறதுக்கு முன்னாடி பலகையையும் கம்பியையும் நனைச்சு விடுங்க.

தண்ணி இருக்கறவங்களுக்கு ஈரச் சாக்கு, பாத்தி கட்டறது, இதுக்கு மேல நல்லது எதுவும் கண்டுபிடிக்கல. ஸ்லாப்ல பாத்தி கட்டி ரெண்டு இஞ்சு தண்ணி நிறுத்தினா முடிஞ்சுது. தண்ணி வாங்கற ஊருக்குத்தான் மத்ததெல்லாம்.

முதல் வழி பிளாஸ்டிக் ஷீட், இதுதான் காசுக்கு ரொம்ப நல்லது. பிளாக்க அடுக்கி, நல்லாத் தொப்பலா நனைச்சு, சாக்கு போத்தி, அதுக்கு மேல ஷீட்ட போட்டு மூடி, நாலு பக்கமும் ஓரத்துல மணல் மூட்டையோ கல்லோ வச்சு அமுத்தணும். உள்ள போன தண்ணி வெளிய போக முடியாது, ரெண்டு நாளைக்கு ஒருதடவ தண்ணி காட்டினாப் போதும். சரியா இருக்குதான்னு பாக்க மீட்டர் வேண்டாம், காலையில ஏழு மணிக்குப் போய் ஷீட்டோட உள்பக்கத்தப் பாருங்க. முத்து முத்தாத் தண்ணி கோத்து நின்னா உள்ள ஈரம் இருக்கு. ஷீட் காஞ்சு, மொடமொடன்னு இருந்தா எங்கயோ ஓரம் தூக்கியிருக்கு, காத்து உள்ள போயிட்டு வருது, அந்த ஓரத்துக் கல்லத் தொட்டா வெளுத்திருக்கும். காத்து வர்ற பக்கத்து ஓரம்தான் எப்பவும் முதல்ல தூக்கும், அங்க ரெண்டு வரிசை மூட்டை வைங்க.

ரெண்டாவது வெயில் கூடாரம். பாலிஹவுஸ் விவசாயத்துக்குப் போடற 200 மைக்ரான் யுவி ஷீட் விவசாயக் கடையில கிடைக்கும், இரும்புப் பைப்பையோ மூங்கிலையோ வளைச்சு அதுமேல இழுத்துக் கட்டி உள்ள பிளாக்க அடுக்கறது. மத்தியானம் உள்ள 50 டிகிரிக்கு மேலயே போகும், சாம்பலுக்கு சூடு ரொம்பப் பிடிக்கும், சுண்ணாம்போட சேர்ற வேகம் சூட்டுல நல்லாக் கூடும், ஏழு நாள்ல வர்ற பலம் அதுக்கு முன்னாடியே வந்துரும். ஆனா தரையில தண்ணி தேங்கி நிக்கணும், இது கண்டிப்பு. தண்ணி இல்லாத கூடாரம் பேக்கரி அடுப்பு மாதிரிதான், கல்ல சுட்டு எடுத்துரும். மத்தியானம் சுடச்சுட இருக்கற கல்லு மேல போர் தண்ணியச் சில்லுன்னு அடிக்கவும் கூடாது, கல்லுக்கும் தண்ணிக்கும் 11 டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா தோல் வெடிக்கும், அதனால காலையில இல்ல ராத்திரி.

மூணாவது நீராவி. இது தனி ஆளுக்கு இல்ல, ஆனா நம்ம ஊர்ல இதுக்கு ஒரு வசதி இருக்கு, நெல்லு அவிக்கற மில்லுல பாய்லர் ஏற்கெனவே ஓடிட்டிருக்கு. சாம்பலும் அங்க, ஆவியும் அங்க, மில்லுக்குப் பக்கத்துலயே பிளாக் யார்டு போட்டா ரெண்டு செலவும் மிச்சம், யாரும் யோசிக்கறதில்லைங்கறதுதான் ஆச்சரியம். பண்றதா இருந்தா, கல்லு போட்டு மூணு நாலு மணி நேரம் சும்மா விடணும், எடுத்ததும் ஆவிய விட்டா வெடிச்சுரும். அப்புறம் மணிக்கு 15, 20 டிகிரிக்கு மேல ஏத்தாம மெதுவா 60, 65 டிகிரிக்குக் கொண்டு போங்க, 70ஐத் தாண்ட வேண்டாம், தாண்டினா சில மாசம் கழிச்சு உள்ளுக்குள்ள உப்பி விரிசல் விடற வியாதி ஒண்ணு இருக்கு. எட்டுப் பத்து மணி நேரம் வச்சு மெதுவா ஆற விடணும். ஆவி ஈர ஆவியா இருக்கணும். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு நாள் ஷீட்டுக்குள்ள வைங்க.

நாலாவது க்யூரிங் காம்பவுண்ட், ஸ்லாப்புக்கும் தூணுக்கும். மெழுகுத் தண்ணி மாதிரி ஒரு திரவம், மருந்தடிக்கற ஸ்பிரேயரக் கழுவிட்டு அதுலயே அடிக்கலாம், காஞ்சதும் தோலாப் படிஞ்சு உள்ள இருக்கற தண்ணிய வெளிய விடாது. வெள்ளை நெறம் கலந்ததக் கேட்டு வாங்குங்க, வெயிலத் திருப்பி அனுப்பும். லிட்டருக்கு சுமாரா நாலு சதுர மீட்டர் வரும், ஆயிரம் சதுர அடி ஸ்லாப்புக்கு 20, 25 லிட்டர். நேரம்தான் விஷயம், மேல இருக்கற தண்ணி மினுமினுப்பு போனதும் உடனே அடிக்கணும், முன்னாடி அடிச்சா ஒட்டாது, வெளுத்த பின்னாடி அடிச்சா பிரயோஜனம் இல்ல. குறுக்க ஒருதடவ, நெடுக்க ஒருதடவ. மெழுகு காம்பவுண்ட் அடிச்ச இடத்துல பூச்சு பிடிக்காது, டைல்ஸும் ஒட்டாது, பூசற செவுத்துக்கு இத அடிக்காதீங்க, இல்லைன்னா அப்புறம் கம்பி பிரஷ்ஷ வச்சுக்கிட்டு ஒரு வாரம் தேய்க்கணும்.

கார்பன் டை ஆக்சைடு விட்டு க்யூரிங் பண்றதப் பத்தியும் கேக்கறாங்க. வெளிநாட்டுல பிளாக் ஃபேக்டரிங்க பண்றாங்க, மூடின ரூம்ல கேஸ விட்டா அது சுண்ணாம்போட சேர்ந்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாவே கெட்டியாகுது, கேஸும் உள்ளயே மாட்டிக்குது. அருமையான ஐடியா, ஆனா கம்பி இல்லாத கல்லுக்கு மட்டும், கம்பியக் காப்பாத்தற காரத்தன்மை போயிரும் இதுல. சின்ன யார்டுல சிலிண்டர் வாங்கி விளையாடற விஷயம் இல்ல, மூடின ரூம்ல அந்த கேஸ் ஆளையே கொன்னுரும்.

உடைச்ச ஓட்டுச் சில்லு, செங்கச் சில்லு கிடைச்சா இன்னொரு சின்ன வழி இருக்கு. ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊற வச்சு, மணல்ல பத்துல ஒரு பங்குக்குப் பதிலாப் போட்டா அது குடிச்ச தண்ணிய உள்ளுக்குள்ள இருந்தே கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டு இருக்கும். ஊறாம காய்ஞ்சபடி போட்டீங்கன்னா உங்க சிமெண்ட்டுத் தண்ணியையே குடிச்சுரும். தேங்கா நார்க் கழிவு நல்லாத் தண்ணி பிடிக்குமேன்னு அதப் போடற ஐடியா பொள்ளாச்சிப் பக்கம் சொல்றாங்க, வேண்டாம், அதுல இருந்து எறங்கற சாயம் சிமெண்ட் இறுகறதக் கெடுக்கும். நார்க் கழிவ சாக்குப் பையில அடைச்சு ஈரமாக்கி மேல போத்திக்குங்க, அதுக்கு நல்லாருக்கும்.

தண்ணி மிச்சம் பிடிக்க யார்டு தரைய ஒரு மூலைக்குச் சரிவாப் போட்டு ஒரு தொட்டி கட்டுங்க, வடியற தண்ணிய அங்க பிடிச்சு மறுபடி பம்ப் பண்ணுங்க. அந்தத் தண்ணி சுண்ணாம்பு கலந்து வெள்ளையா இருக்கும், கல்லுக்கு அது கெடுதல் இல்ல, நல்லதுதான், லேபுல டெஸ்ட் கல்லயே சுண்ணாம்புத் தண்ணியிலயும் போட்டு வைக்கறதுண்டு. கையில, கண்ணுல பட விடாதீங்க, தென்னைக்குத் திருப்பி விடாதீங்க.

கஸ்டமரு வந்து கேப்பாங்க, "ஏனுங்ணா, இந்தக் கல்லு கருத்த மாதிரி இருக்குது, பலம் இருக்குமுங்களா?" நெறத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தம் இல்லைங்கன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல, லேபு ரிப்போர்ட்டக் காட்டுங்க. கோயமுத்தூர், பாலக்காடு பக்கம் இன்ஜினியரிங் காலேஜ் லேபுகள்ல நசுக்கிப் பாத்துக் குடுப்பாங்க. ஒரே நாள்ல சாம்பல் போட்ட கல்லும் போடாத கல்லும் போட்டு, 7, 28, 56 நாள்ல குடுத்துப் பாருங்க. ஏழாவது நாள் சாம்பல் கல்லு பின்னாடிதான் இருக்கும், அதப் பாத்து பயந்து நிறுத்திராதீங்க, 28ல பக்கத்துல வந்துரும், 56ல பெரும்பாலும் தாண்டும். 28லயும் ரொம்பப் பின்னாடி நின்னா சாம்பல் மோசம், இல்ல க்யூரிங் மோசம். எதுன்னு கண்டுபிடிக்க அதே கலவையில நாலு கல்ல தண்ணித் தொட்டிக்குள்ளயே போட்டு வளத்துங்க. தொட்டிக் கல்லு நல்லா வந்து யார்டுக் கல்லு மட்டும் பின்னாடி நின்னா தப்பு ஈரத்துலதான். நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் இதுதான்.

போட்ட தேதிய ஒவ்வொரு அடுக்குக்கும் பெயிண்ட்டுல எழுதி வைங்க, சாம்பல் கல்ல 28 நாளுக்கு முன்னாடி லோடு ஏத்தாதீங்க, ஆர்டர் எவ்வளவு அவசரமா இருந்தாலும் சரி. சாம்பல் மூட்டைய சிமெண்ட் மாதிரியே பலகை மேல, மழை படாம அடுக்குங்க, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில நனைஞ்ச சாம்பல் கட்டி கட்டியாப் போயிரும், அத உடைச்சுச் சலிக்காம மிக்சர்ல கொட்டினா கல்லுக்குள்ள அங்கங்க மாவு உருண்டை நிக்கும். அப்புறம் சைட்டுக்கு வாங்கிட்டுப் போறவங்ககிட்ட ஒண்ணு சொல்லி அனுப்புங்க, ஹாலோ பிளாக் செவுத்துக்குப் பூச்சு பூசறப்ப செவுத்த லேசா நனைச்சாப் போதும், ஓஸ் பிடிச்சு ஓட விட வேண்டாம், ஆனா பூசின பூச்சுக்கு மறுபடியும் ஏழு நாள் தண்ணி காட்டணும், பிபிசி போட்டுப் பூசியிருந்தா பத்து.